வாயிற் கல்லும் வலையெழுத்தும்

திருகோணமலைக் கோட்டை வாயிலிற் பதிந்துள்ள தமிழ்க் கல்வெட்டை நம்மிற் பலர் அறிவர். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பினர். சுவர் கட்டியவனுக்கு அது வெறுங்கல். வாசிக்கத் தெரிந்தவனுக்கோ அது வாசகம். ஒரே பொருள், அதனைக் கொள்வோனைப் பொறுத்து வேறாகிவிடுகின்றது. ‘கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்’ எனப்படும் கேட்டின் வேரும் இதுவே.

துறைமுகத்தை அண்டிய மீனவர் சங்கமொன்று, உறுப்பினர் கடல்நிலையைப் பதிதற்கு இணையச் செயலியொன்றை வைத்திருப்பதாகக் கொள்வோம். ‘<’ குறியை அடுத்து ஆங்கில எழுத்து வரின், உலாவி அதனைக் கட்டளையின் தொடக்கமாகவே கொள்ளும். தீயவன் ஒருவன் இவ்வாறு நிரலொன்றைப் பதிந்தால், அப்பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் உலாவியிலும் அது சங்கத்தின் அதிகாரத்தோடு இயங்கும். அவர் பெயராலேயே பதிவுகளை மாற்றவும் வல்லதாகும்.

ஐயத்துக்குரிய சொற்களை நுழைவிலேயே நீக்கிவிடலாம் என்பர் சிலர். இது ஏற்புடையதன்று. மைஸ்பேஸ் தளம் அவ்வாறே ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்னும் சொல்லை நீக்கிவந்தது. 2005 ஒக்டோபரில் சாமி கம்கார் என்னும் இளைஞர் அச்சொல்லை இரு வரிகளாகப் பிளந்து எழுதினார். ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளில் அந்நிரல் பரவிற்று. மறுபுறம், ‘அலை <2 மீற்றர்’ என நேர்மையாய் எழுதிய மீனவரின் அளவை இத்தகைய வடிகட்டி விழுங்கிவிடவுங் கூடும். கடலுக்குச் செல்வோர்க்கு அவ்வெண்ணே முதன்மையானது.

ஆகவே நீக்குதலன்று, மாற்றியெழுதுதலே முறை. நிரலாளர் இதனை ‘எஸ்கேப்பிங்’ என்பர். பக்கத்தில் இடும்போது ‘<’ என்பதை ‘&#60;’ எனவும், ‘>’ என்பதை ‘&#62;’ எனவும், மேற்கோட்குறியை ‘&#34;’ எனவும் எழுதினால், உலாவி குறியைக் காட்டும்; அதற்குக் கீழ்ப்படியாது. ‘&’ குறியை மாத்திரம் முதலில் ‘&#38;’ ஆக்குதல் வேண்டும்; பின்னர் ஆக்கின், மாற்றியவையே மீண்டும் மாறிவிடும். யுனிகோட் என அறிவிக்கப்படாத பழைய பக்கங்களில் ‘த’ என்னும் எழுத்தை உலாவி ‘&#2980;’ என அனுப்ப, அதனைச் செயலி மறுபடியும் மாற்ற, நம் தமிழ் எண்களாய்ச் சிதறிக் கிடந்த காட்சியை நாம் கண்டிருக்கிறோம்.

இம்மாற்றம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதும் கவனிக்கற்பாலது. பக்கத்தின் உடலுக்குப் போதுமானது, ஸ்கிரிப்டின் உள்ளே போதாது. இணைய முகவரிக்கு விதி வேறு. இதனாலேயே சேமிப்பில் மீனவர் எழுதியது எழுதியவாறே இருத்தல் வேண்டும் என்கிறோம். அதே செய்தி நாளை குறுஞ்செய்தியாகக் கைத்தொலைபேசிக்குச் செல்லுமாயின், ‘&#60;’ என்பது அங்கே படகிலிருப்பவருக்குப் பொருளற்ற குறித்தொடராகவே தோன்றும்.