கொள்ளுப்பிட்டியின் பழைய வளவுகள்

பழைய மாளிகைகளையும் இடிந்த மடாலயங்களையும் சுற்றிக் காலார நடந்து வருவது இங்கிலாந்து மக்களுக்கு மிகவும் விருப்பமான பொழுதுபோக்கு ஆகும். மலையேறும் வலிமை அதற்கு வேண்டியதில்லை. சிறுவரும் முதியோரும் செல்லக்கூடிய மேடுபள்ளமற்ற பாதைகளே அதற்குப் போதும். அத்தகைய இடங்களுள் பெயர் பெற்றது யோர்க்சயர்ப் பகுதியிலுள்ள பவுண்டன்ஸ் மடாலயம். 1132ஆம் ஆண்டிலே துறவிகளால் நிறுவப்பட்ட அம்மடம், எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது 1539இல் மூடப்பட்டது. கூரை போயிற்று, சுவர்கள் நின்றன. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1767இல், அயலிலிருந்த பெருந்தோட்டத்தின் உரிமையாளரான வில்லியம் எய்ஸ்லபி அவ்விடிபாட்டை விலைக்கு வாங்கித் தம் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். தோட்டத்தில் உலாவ வருபவர் கடைசியிற் காணும் காட்சியாக அது அமைந்தது. இன்று உலகின் நாலா பக்கங்களிலுமிருந்து மக்கள் அங்கே சென்று நடக்கின்றனர்.

இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. மனிதர் நடந்துவரும் பாதையிலே நிற்கும் கட்டடம் பிழைக்கிறது. எவரும் எட்டிப் பாராத கட்டடம் மெல்ல மறைகிறது. இவ்வுண்மையைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. கொழும்பு நகரிலே, கொள்ளுப்பிட்டியிலே, ஒரு காலைப் பொழுது போதும்.

கொள்ளுப்பிட்டிக்கு இடிபாடுகளைத் தேடி வருபவர் ஏமாற்றமே அடைவர். பாசி படர்ந்த வளைவுகளும் கூரையற்ற மண்டபங்களும் இங்கில்லை. நிலத்தின் விலை ஏறிய ஊரிலே ஒரு மாளிகை இடிபாடாகக் கிடப்பதற்கு இடம் கொடுப்பார் யார்? எனினும், அழிந்த மாளிகைகள் அடியோடு போய்விடவில்லை. அவை வீதிகளின் பெயர்ப்பலகைகளில் ஒதுங்கி நிற்கின்றன. 'வளவு' என்பது ஈழத்தமிழர்க்குப் பழகிய சொல். வீடும் முற்றமும் கிணறும் மரங்களும் வேலியும் சேர்ந்த நிலமே வளவு. சிங்களத்திலே பெருங்குடியினரின் மாளிகையை 'வளவ்வ' என்பர். அத்தகைய வளவுகளைத் தேடிச் செல்வதே இந்நடையின் நோக்கம்.

காலி முகத்திடலிலே நடையைத் தொடங்குதல் நன்று. கடலோரமாகச் செல்லும் அந்நடைபாதை தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் தொடங்கி 1859இல் முடிக்கப்பெற்றது. கொழும்பிலுள்ள பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நன்மைக்காக இதனைப் பேண வேண்டுமென்று தமக்குப் பின் வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டொன்றை அவர் அங்கே வைத்தார். கோட்டைகளையும் வெற்றிகளையும் குறித்துக் கல் நாட்டிய ஆட்சியாளர் பலர். மக்கள் நடப்பதற்காகக் கல் நாட்டியவர் சிலரே. திடலின் தென்கோடியில் 1864இல் நிறுவப்பட்ட காலிமுக ஹோட்டல் இருக்கிறது.

அங்கிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்லும்போது இடப்புறத்தில் அலரி மாளிகையின் மதில் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தனியார் இல்லமாக இருந்து, பின்னர் பிரதம மந்திரியின் அதிகாரபூர்வ வாசத்தலமாக மாறியது அது. ஆங்கிலத்திலும் தமிழிலும் அதன் பெயர் ஒரு மரத்தைக் குறித்து நிற்கிறது. விகாரைகளின் முற்றத்திலே வெண்மையும் மஞ்சளும் கலந்து பூக்கும் ஈழத்தலரியே அம்மரம். உள்ளே புக எல்லோர்க்கும் இசைவில்லை. ஆயினும், மாளிகைக்கு அரசனின் பெயரோ பிரபுவின் பெயரோ இன்றி ஒரு பூமரத்தின் பெயர் நிலைத்ததை வீதியில் நின்றே எண்ணி மகிழலாம்.

கொள்ளுப்பிட்டி என்னும் பெயரும் மண்ணிலிருந்து வந்ததே என்பர். கொள்ளு விளைந்த வெளி என்பது சிங்களத்தில் அதன் பொருள். தமிழ்ச் செவிக்கும் அது அந்நியமாக ஒலிப்பதில்லை. அயலிலுள்ள பொல்வத்தை என்பது தென்னந்தோட்டம், கிழக்கே கறுவாத்தோட்டம். ஆக, மாளிகைகள் எழுவதற்கு முன் கொள்ளும் தென்னையும் கறுவாவும் இருந்தன. வீட்டின் பெயரை வீதி காப்பதுபோல், வயலின் பெயரை ஊர் காத்து வருகிறது.

காலி வீதியில் மேலும் தெற்கே சென்று கிழக்கே திரும்பினால் அல்பிரட் பிளேஸ், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ், பகத்தலை வீதி என்னும் பெயர்களைக் காணலாம். இவை யாவும் ஒரே வளவின் சிதறல்கள். பகத்தலை வளவ்வ என முன்னர் வழங்கிய அப்பெருமாளிகையின் உரிமையாளர் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா. விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மைந்தரான எடின்பரோக் கோமகன் அல்பிரட் 1870இல் இலங்கைக்கு வந்தார். பிரித்தானிய அரச குடும்பத்தவர் ஒருவர் இத்தீவில் அடிவைத்தது அதுவே முதன்முறை. டி சொய்சா அவருக்கு அம்மாளிகையிலே பெருவிருந்து அளித்தார். கோமகன் உண்ட தட்டும் கரண்டிகளும் பொன்னாற் செய்து மணிகள் பதித்தவை என்று இன்றும் பேசப்படுகிறது. அந்நாள் முதல் மாளிகை கோமகனின் பெயரைத் தாங்கியது.

அல்பிரட் மாளிகை இன்று இல்லை. பரந்த வளவு துண்டு துண்டாகப் பிரிந்தது. வீதிகளும் ஒழுங்கைகளும் ஓடின. வீடுகளும் தொடர்மாடிகளும் எழுந்தன. ஒரு கல்லைச் சுட்டி 'இதுவே அது' என்று காட்டுவதற்கில்லை. ஆனால் அதே டி சொய்சா 1879இல் நிறுவிய பிரசவ மருத்துவமனை அவர் பெயராலேயே இன்றும் இயங்கி வருகிறது. விருந்து நடந்த மாளிகை மறைந்தது. பிள்ளை பிறக்கும் இல்லம் நிலைத்தது. எது பலருக்குப் பயன்பட்டதோ அது காலத்தை வென்றது.

இதே பாடத்தை அண்மையிலுள்ள இன்னொரு மாளிகையும் கற்பிக்கிறது. டி சொய்சாவின் மைந்தரொருவர் கட்டிய ரெஜினா வளவ்வ என்னும் இல்லத்தை அரசாங்கம் வாங்கியது. 1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி அங்கே தொடங்கியது. இன்று அது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இல்லம் எனப்படுகிறது. தந்தையின் வளவு பெயராகச் சுருங்க, மைந்தரின் வளவு கல்வியால் உயிர் தப்பியது.

பகத்தலை வீதியை அடுத்துள்ள 33ஆம் ஒழுங்கையில் வேறொரு விந்தை காத்திருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அங்கே வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றை 1958இல் பெற்றார். நாளடைவில் மற்றவற்றையும் பெற்று நான்கையும் ஒரே இல்லமாக இணைத்தார். செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் தூண்களும் அவ்வில்லத்தில் இடம் பெற்றன. பெரிய வளவு சிறு துண்டுகளான அதே நிலப்பரப்பில், சிறு துண்டுகள் கூடி ஒரு வீடாயின. 2003இல் அவர் மறைந்த பின், அவர் பெயரிலான அறக்கட்டளை அதனைப் பேணுகிறது. முன்கூட்டி அறிவித்துச் சென்றால் உள்ளே காணலாம்.

இனிக் கிழக்கே பல்கலைக்கழகத்தைக் கடந்து வடக்கே திரும்பினால் கறுவாத்தோட்டம். ஒருகாலத்திலே காடுகளிலிருந்து உரித்தெடுத்த கறுவாவை ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினர். அத்தோட்டங்களின் பெயரே இப்பகுதிக்கு நிலைத்தது. இங்குள்ள தேசிய நூதனசாலை, தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பட்டது. அதனைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன்.

நூதனசாலையிலே தமிழர் ஒவ்வொருவரும் தேடிச் சென்று பார்க்கவேண்டிய கல்லொன்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய அக்கல்லில் 1409ஆம் ஆண்டு குறிக்கப்பெற்றுள்ளது. சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் அதில் எழுத்துகள் உள்ளன. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த தென்னாவரநாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. இத்துணைச் சிறப்புடைய கல் எங்கே கிடந்தது? காலி நகரிலே, ஒரு மதகின் மூடியாக, எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கியிருக்கக் கிடந்தது. அதன்மேல் வண்டிகளும் மனிதரும் நாள்தோறும் சென்றனர். 1911இல் ஒரு பொறியியலாளரின் கண் அதன்மீது விழுந்தமையாலே அது மீண்டது. நடப்பது மட்டும் போதாது, பார்த்து நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திரும்பும் வழி கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கிய மாவத்தை. கிறீன் பாத் என்று அதனை முன்னர் அழைத்தனர். முதியோர் வாயில் அப்பெயர் இன்னும் வழங்குகிறது. கீழைநாட்டுக் கலைகளின் பெருமையை மேலைநாட்டவர் உணரச் செய்த அப்பேரறிஞர் 1877இல், நூதனசாலை திறந்த அதே ஆண்டில், கொள்ளுப்பிட்டியிலே பிறந்தார். அவர் பெயர் கொண்ட அவ்வீதியிலேயே தேசியக் கலைக்கூடம் அமைந்திருப்பது பொருத்தமே. அவ்வழியே மேற்கு நோக்கி வந்தால் கொள்ளுப்பிட்டிச் சந்தியை மீண்டும் அடையலாம். நிதானமாக நடப்பவர்க்கு, பார்க்கும் நேரத்தை நீக்கி, இச்சுற்று முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகலாம்.

மடாலய இடிபாடு ஒன்றேனும் வேண்டுமென்பவர், மற்றொரு நாளில் புறக்கோட்டைக்குச் செல்லலாம். பிரதான வீதியின் முடிவில், முதலை வாயில் எனப் பொருள்படும் ஒல்லாந்தப் பெயர் கொண்ட இடத்தில், ஒரு பழைய மணிக்கூண்டு உள்ளது. அதிலுள்ள மணி, போர்த்துக்கேயர் கோட்டை இராசதானியில் அமைத்த புனித பிரான்சிசு தேவாலயத்தின் இடிபாட்டிலிருந்து வந்தது என்பர். 1565இல் போர்த்துக்கேயர் அத்தலைநகரைக் கைவிட்டுக் கொழும்புக்கு வந்தனர், ஆலயம் அழிந்தது. மணி மட்டும் ஒல்லாந்தர் கையிற் சேர்ந்து, மேட்டிலுள்ள வுல்பெண்டால் தேவாலயத்து வழிபாட்டுக்கு மக்களை அழைத்தது. 1757இல் அர்ப்பணிக்கப்பட்ட அத்தேவாலயத்தின் தடித்த சுவர்களையும் தரையிலுள்ள கல்லறைக் கற்களையும் கண்டபின், சிறிது தூரம் நடந்தால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் வரும். பொன்னம்பல முதலியார் அமைத்த அக்கோயிலை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கினார். வழிபடுவோர் நாள்தோறும் வருவதால் அது இன்றும் உயிர்ப்போடு விளங்குகிறது.

இந்நடைகளுக்கு ஏற்ற வேளை காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலை நான்கு மணிக்குப் பின். குடையும் தண்ணீரும் கைவசம் இருத்தல் நலம். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுதல் அதனினும் நலம். ஒவ்வொரு பெயர்ப்பலகையின் முன்னும் நின்று, 'இப்பெயர் ஏன் வந்தது?' என அவர்களைக் கேட்கச் சொல்லவேண்டும். கட்டடத்தை இடிப்பதற்கு ஆட்களும் கருவிகளும் தேவை. ஒரு பெயரின் பொருள் அழிவதற்கோ எதுவுமே தேவையில்லை. ஒரு தலைமுறை கேளாமல் இருந்தாற் போதும். கொள்ளுப்பிட்டியின் வளவுகள் மிச்சம் வைத்திருப்பவை பெயர்கள்தாம். அவற்றைக் காக்கும் பொறுப்பு, அவ்வீதிகளில் நடப்போரின் கண்ணுக்கும் வாய்ச்சொல்லுக்கும் உரியது.