வெளிச்சத்துடன் ஒரு பேரம்

கலியாண வீட்டில் சமையற்காரரையோ, நாதஸ்வர வித்வானையோ, புரோகிதரையோ பார்த்து, "நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொல்லும் துணிவு யாருக்கும் வருவதில்லை. போட்டோ பிடிப்பவரிடம் மட்டும் அப்படிச் சொல்லக் குடும்பத்துக்கு ஒருவர் இருந்தே தீருகிறார். நமது குடும்பத்தில் அந்தப் பிரகிருதி நாமேதான்.

தகப்பனாரின் சதாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது, "வெளியாள் எதற்கு? நம்மிடம் காமிரா இருக்கிறது, முக்காலி கூட இருக்கிறது" என்று மார்தட்டினோம். முக்காலியின் மேல் காமிராவை நிறுத்திவிட்டால் படம் ஆடாது என்பது நமது அசையாத நம்பிக்கை. மற்ற விஷயங்களைக் காமிராவே தீர்மானிக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, மனைப் பலகையில் அமர்ந்திருந்த தாய் தந்தையரின் முன் கம்பீரமாக நின்றோம். பேரப் பிள்ளைகள் கலச நீரை ஊற்றினார்கள். நாமும் பொத்தானை அழுத்தினோம்.

அன்று இரவு படங்களைப் பார்த்தோம். மண்டபத்துத் தூண்கள் அற்புதமாக விழுந்திருந்தன. சுவரில் தொங்கிய காலண்டரின் தேதியைக் கூடப் படிக்க முடிந்தது. ஆனால் தகப்பனாரும் தாயாரும் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெண்மையான புகைக் கூட்டங்கள் இருந்தன.

அடுத்த ஆண்டு தகப்பனார் காலமானார். படம் சரியாக வரவில்லையென்று சதாபிஷேகத்தை இன்னொரு முறை நடத்த முடியுமா? அதன் பிறகுதான், கையிலிருக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும் என்ற புத்தி நமக்கு உதித்தது.

டிஜிட்டல் காமிராவிடம் ஒரு நற்குணம் உண்டு. ஒவ்வொரு படத்தையும் எப்படிப் பிடித்தோம் என்ற விவரத்தை அது படத்துடனேயே எழுதி வைத்துவிடுகிறது. நமது குற்றப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தோம்: துவாரம் எப்-5.6, ஷட்டர் 1/8 விநாடி, ஐ.எஸ்.ஓ. 200. இந்த மூன்று எண்களின் அர்த்தம் அன்றைக்கே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது.

முதலாவது, துவாரம். லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாசல் அது. லென்ஸின் குவிய தூரத்தைத் துவாரத்தின் குறுக்களவால் வகுத்தால் கிடைப்பது எப்-எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எப்-2 என்றால் வாசல் 25 மில்லிமீட்டர். எப்-16 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர். ஆகையால் எண் சிறுத்தால் வாசல் பெருக்கும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகக் குறைகிறது.

இரண்டாவது, ஷட்டர். வாசற்கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற கணக்கு இது. 1/8 விநாடி என்பது நமக்குக் கண் சிமிட்டும் நேரமாகத் தோன்றலாம். தலையில் குளிர்ந்த நீர் விழுந்தவுடன் சிரித்துத் திரும்பும் ஒரு முகத்துக்கு அது தாராளமான அவகாசம். முக்காலி நமது கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரில் இருப்பவர் அசைவதை அது எப்படித் தடுக்கும்? தூண்கள் தெளிவாகவும் பெற்றோர் புகையாகவும் விழுந்த மர்மம் இதுதான்.

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்ற எண். பிலிம் காலத்தில் இது பிலிமின் வேகம். இன்று காமிரா தனக்குக் கிடைத்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதற்கு அளவு. ஒலிபெருக்கியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுகிறதல்லவா? அதுபோல இந்த எண்ணைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

இம்மூன்றுக்கும் இடையே நடப்பது சந்தைப் பேரந்தான். ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். நமது பெட்டிக்குள் எப்-1.8 வரை திறக்கும் சிறிய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று அன்று தூங்கிக் கொண்டிருந்தது. அதைப் பூட்டி எப்-2 வைத்திருந்தால் மூன்று படி ஒளி லாபம். ஷட்டர் 1/60 ஆகியிருக்கும். ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கியிருந்தால் இன்னும் இரண்டு படி, 1/250 விநாடி! விழுகின்ற நீர்த்துளிகள் கூட ஓரளவு நின்று காட்சி கொடுத்திருக்கும். விலையாக நாம் கொடுத்திருக்க வேண்டியது, கொஞ்சம் மணற்புள்ளிகளும், பின்னால் நின்ற சுற்றத்தாரின் தெளிவுந்தான். 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில், பத்தடி தூரத்தில், எப்-2 துவாரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை அடிதான். அன்று நமக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒன்றரை அடிதான்.

இந்தப் பேரத்தை நன்கு அறிந்த ஒருவரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. காந்தியடிகளுக்குப் பேரன் முறையாகும் கனு காந்தி, சேவாக்கிராமத்தில் மகாத்மாவைப் படம் பிடிக்க விரும்பினார். காந்தியடிகள் மூன்று நிபந்தனைகள் விதித்தார்: பிளாஷ் விளக்கு கூடாது, இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள் என்று சொல்லக் கூடாது, ஆசிரமத்திலிருந்து பணம் கிடைக்காது. கனஷியாம் தாஸ் பிர்லா கொடுத்த 100 ரூபாயில் ரோலைபிளெக்ஸ் காமிராவும் பிலிமும் வாங்கிக் கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். அக்காமிராவில் லென்ஸை மாற்றும் வசதியும் கிடையாது. அக்காலத்துப் பிலிம்களின் வேகமும் இன்றைய கணக்கில் சொற்பம். குடிசைக்குள் கிடைத்த வெளிச்சம், வாசலின் அளவு, கதவின் நேரம், சரியான கணத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை ஆகிய இவையே அவருடைய மூலதனம். மகாத்மாவின் கடைசிப் பத்தாண்டுகளை 1948 வரை இவ்வளவு அருகிலிருந்து நாம் பார்க்க முடிவது அம்மூலதனத்தின் பலன்.

லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. "தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுவது பெரிய லென்ஸ்" என்று மட்டும் நாம் நினைத்திருந்தோம். விஷயம் அவ்வளவோடு முடியவில்லை. 28 மில்லிமீட்டர் போன்ற அகலக் கோண லென்ஸில் ஒரு முகம் படம் முழுவதும் நிறைய வேண்டுமானால், நாம் ஓரடிக்குள் நெருங்க வேண்டும். அப்போது காதை விட மூக்கு காமிராவுக்கு வெகு அருகில் இருப்பதால், மூக்கு பெருத்துக் காது சிறுத்துப் போகிறது. கைப்பேசியை முகத்தருகே நீட்டிப் பிடித்த படங்களில் அழகான மனிதர்களும் கத்தரிக்காய் மூக்குடன் தோன்றுவது இதனாலேதான். உண்மையில் குற்றவாளி லென்ஸ் அல்ல, தூரம். ஆறேழு அடி தள்ளி நின்று, 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸால் பிடித்தால் அதே முகம் ஆண்டவன் படைத்த அளவில் விழுகிறது. கூட்டமாகப் படம் பிடிக்கும்போது, அகலக் கோண லென்ஸின் ஓரங்களில் முகங்கள் இழுபட்டுத் தோன்றும். ஆகவே குடும்பப் பெரியவர்களை ஓரத்தில் நிறுத்தாமலிருப்பது மரியாதைக்கு மட்டுமல்ல, படத்துக்கும் நல்லது.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு நாள் காலை, தாயார் ஜன்னலோரத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். முக்காலியைத் தேடவில்லை. சிறிய லென்ஸைப் பூட்டி, எப்-2.8 வைத்து, 1/125 விநாடியில் ஒரு படம் பிடித்தோம். கண்ணோரச் சுருக்கங்களும், விரலிடுக்கில் கீரைத் தண்டும் உள்ளபடி விழுந்திருந்தன. பெருமையுடன் காட்டினோம். தாயார் வெகு நேரம் பார்த்தார். பிறகு, "நன்னா இருக்குடா. அந்த சதாபிஷேகப் படம் எங்கே?" என்று கேட்டார்.

தயக்கத்துடன் அந்தப் புகைப் படத்தை எடுத்துக் கொடுத்தோம்.

"இதை அழிச்சுடாதே. தண்ணி ஜில்லுன்னு விழுந்ததும் அப்பா என் பக்கம் திரும்பிச் சிரிச்சார். நானும் திரும்பினேன். அதுதான் இப்படிக் கலைஞ்சிருக்கு" என்றார்.

நமது அறியாமைக்கு இது மன்னிப்பே தவிர, நற்சாட்சிப் பத்திரம் ஆகாது. அந்தச் சிரிப்பை அவர் அறிவார். அவருடைய பேரப் பிள்ளைகளின் பிள்ளைகள் அறியப் போவதில்லை.

ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லக் கூடியது ஒன்றுண்டு. வீட்டில் விசேஷம் வந்தால், முதல் நாளே அதே வேளையில் மண்டபத்துக்குப் போங்கள். மனைப் பலகை போடும் இடத்தில் ஒரு குழந்தையை உட்கார வைத்து, கையைக் காலை ஆட்டச் சொல்லிப் படம் பிடித்துப் பாருங்கள். ஷட்டர் எண் 1/125க்குக் கீழே போனால் துவாரத்தைப் பெரிதாக்குங்கள். அதுவும் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். மணற்புள்ளி விழுந்த முகத்தைப் பிற்பாடு பார்த்து மகிழலாம். விழாத முகத்தை எங்கே போய்த் தேடுவது? இவ்வளவும் தொல்லையென்று தோன்றினால், வெளியாளையே அழைத்துவிட்டு, பெற்றோர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொள்ளுங்கள். அன்று நாம் எடுத்த படங்களில் ஒன்றில் கூட நாம் இல்லை.