மலையேறும் காலுக்கும் சீனி வரும்

வத்தேகம டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "எனக்கு எப்படிச் சீனி வரும்? நாள் முழுக்க மலையில ஏறி இறங்குறேனே." எல்கடுவப் பக்கமிருந்தும் பன்வில பக்கமிருந்தும் சாமான் வாங்க இறங்கி வருபவர்கள் அப்படி நம்புவதில் பிழையும் இல்லை. கொழுந்துக் கூடையோடு சரிவில் நடப்பதைவிடப் பெரிய உடற்பயிற்சி ஏது?

ஆனால் எங்கள் உடம்பின் வாகு வேறு. கை, கால் குச்சிபோல இருக்கும்; கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்திருக்கும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். அதனால் தராசை நம்பாமல் அளவு நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால், எடை குறைவாக இருந்தாலும் கவனம் வேண்டும். இலங்கையில் 100 மரணங்களில் ஏறக்குறைய 83 தொற்றாநோய்களால் நிகழ்கின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், சீனி வருத்தம் எல்லாம் அதில் அடக்கம்.

தோட்டத்துச் சாப்பாட்டைக் குறை சொல்வது சுலபம். கோதுமை மா ரொட்டி மலிவு, பசி தாங்கும், மலையில் மத்தியானம்வரை கெடாது. 1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு அந்த மா எட்டாத மூலையே நாட்டில் இல்லை. ஆகவே ரொட்டியை விடச் சொல்லவில்லை. மூன்று ரொட்டியை இரண்டாக்கி, பக்கத்தில் பருப்பும் வல்லாரைச் சம்பலும் வைக்கலாம். மாவில் பாதி குரக்கன் கலக்கலாம். சம்பலிலும் கருவாட்டிலும் ஏறும் உப்புக்குக் கணக்கு வேண்டும்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான் எல்லை.

உண்மையான வில்லன் தேத்தண்ணிக் கோப்பையில் இருக்கிறான். கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் சீனி 75 கிராம். 50ஐத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. "நான் கித்துள் கருப்பட்டிதான் கடிக்கிறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரத்தத்துக்கு இரண்டும் இனிப்புத்தான்.

போத்தல் பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டும் விதி 2016இலிருந்து நடைமுறையில் உள்ளது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைவென்றால் பச்சை. செம்மஞ்சளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 10 கிராம் வீதமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் எட்டுக் கரண்டி சீனி உள்ளே போயிருக்கும். நிற அடையாளமே இல்லாத பானம் கடையில் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை அவருக்குத் தந்திருக்கிறது.

சீனியும் பிரஷரும் வலிக்காமல் வரும் நோய்கள். 35 வயது தாண்டிய எவரும் அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் இரண்டையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்து டிஸ்பென்சரி துண்டு தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 126ஐத் தொட்டால், மறுமுறை பார்த்து நோயை உறுதிசெய்வார்கள். 100க்கும் 125க்கும் இடையில் இருப்பவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள், திரும்பிவர இன்னும் வழி இருக்கிறது. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சீனி வரும் கட்டத்தில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அதோடு மாத்திரையையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும் என்பது மெய்யான தடை. மருத்துவ ஆலோசனை எழுதுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை. சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தோடு பேச வேண்டிய விஷயம் இது. இன்னொன்று மொழி. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. மாத்திரையை எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம்.

வெற்றிலை போடுபவர்கள் கண்ணாடியில் வாயைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள். புகையிலையை விட்டுவிட்டேன் என்பது போதாது. பாக்கே புற்றுநோய் தரும்.

சீனி உள்ளவர்கள் இரவில் கால் கழுவும்போது உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலில் அட்டை கடித்தாலும் முள் குத்தினாலும் தெரியாது. காலை எடுக்கும் நிலை அப்படிப்பட்ட சிறு புண்ணில்தான் தொடங்குகிறது. நெஞ்சு இறுகினாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ விடியட்டும் என்று லயத்தில் படுத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.