வலி இல்லையென்று சும்மா இருக்காதீர்கள்!

"சூடுதான். ரெண்டு எளநி வெட்டிக் குடு, சரியாப் போயிரும்" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார் என் தாய்மாமா. வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவர். சிறுநீரில் ரத்தம், வலி இல்லை. இரண்டு நாளில் நின்றும் விட்டது. அத்தையும் நம்பிவிட்டார்.

எட்டு மாதம் கழித்து விடாத இருமல். மதுரைக்கு அழைத்துப் போனோம். சிறுநீரகத்தில் புற்றுநோய்; நுரையீரலுக்கும் பரவிவிட்டதாம்.

"கீமோ குடுப்பீங்களா டாக்டர்?" என்றேன்.

"இந்த நோய் வழக்கமான கீமோவுக்கு அவ்வளவாக் கேட்காதும்மா. உடம்போட எதிர்ப்பு சக்தியையே தட்டி எழுப்பற 'இம்யூனோதெரபி' இருக்கு" என்றார்.

எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆலை வாசலில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று பாராக்காரர் தடவிப் பார்ப்பாரல்லவா? நம் ரத்தத்திலுள்ள 'டி' அணுக்களும் அப்படித்தான். நல்ல திசுவைத் தாக்கிவிடாதபடி அவற்றுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்றணு அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற மருந்துகள் பிரேக்கை விடுவிக்கின்றன. இந்த வழிக்கு அடிகோலிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது.

பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு அதே 2018ல் வெளியானது. நோய் சற்றுக் கடுமையாக இருந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குக் கட்டி நன்கு சுருங்கியது. அவர்களில் 9 பேருக்கு முற்றிலும் மறைந்தது. ஆக, எல்லோருக்கும் பலிப்பதில்லை.

விலையும் கையைக் கடிக்கிறது. அத்தையின் நகை போய்விட்டது. மும்பை டாடா மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு மிகக் குறைந்த அளவு நிவோலுமாப் கொடுத்து 2022ல் நல்ல பலன் கண்டது. சிறுநீரகத்துக்கும் அது போதுமென்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

வீட்டிலிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பிரேக் விட்டால் வண்டி தறிகெட்டும் ஓடலாம். பேதி, மூச்சுத் திணறல், தோல் தடிப்பு, மஞ்சள் காமாலை, தைராய்டு கோளாறு வரலாம். கஷாயம் வைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான்கு தவணை முடிந்து எடுத்த ஸ்கேனில் மாமாவின் நுரையீரல் கட்டிகள் சிறுத்திருக்கின்றன. சிகிச்சை தொடர்கிறது.

சிறுநீரில் ரத்தம் என்றால் கல்லாகவோ கிருமியாகவோகூட இருக்கலாம். ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். புகை, பருமன், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

இப்போது மாமாவே திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறார்: "செவப்பாப் போச்சுன்னா எளநிக்கடைக்குப் போகாதீங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போங்க!"