எகானமி இல்லாத விமானம்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. 67 பிசினஸ் இருக்கைகள், 94 பிரீமியம் எகானமி இருக்கைகள், அவ்வளவுதான். இதே ஏர்பஸ் ஏ350-900 விமானத்தை அந்த நிறுவனம் மற்ற நெடுந்தூர வழித்தடங்களில் 253 இருக்கைகளோடு ஓட்டுகிறது. நீள அகலத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. அப்படியானால் 92 பேரை இறக்கிவிட்டது எது? கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருக்கும் பயணிகள் பாதிக் காரணம். மீதிப் பாதி இயற்பியல்.

தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், வானில் 18 மணி நேரத்துக்கு மேல். இதற்கென்றே செய்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடை போட்டால் ஏறத்தாழ 130 டன். பயணிகள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் சேர்த்து அது மேலெழ அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே 280 டன்தான். நெடுவழி நடப்பவர் கட்டுச்சோறு சுமக்கிறார்; அந்தச் சோற்றைச் சுமக்கும் தெம்புக்காக இன்னும் கொஞ்சம் சோறு கட்ட வேண்டியிருக்கிறது. விமானத்தின் பாடும் அதுவே. முதல் சில மணி நேரத்தில் எரிவதில் கணிசமான பங்கு, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போவதற்கே செலவாகிறது. ஓர் ஆளும் பெட்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 92 பேரைக் குறைப்பது 9 டன்னைக் குறைப்பது. அதுவும் போதாதென்று முன்பக்கச் சரக்கறையையும் பயன்படுத்துவதில்லை.

இந்தக் கணக்கு ஒருமுறை கைவிட்டுப் போனதும் உண்டு. 2004இல் இந்தச் சேவை தொடங்கியபோது நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் 181 இருக்கைகள் இருந்தன. 2008இல் அதை 100 பிசினஸ் இருக்கைகளாகக் குறைத்தார்கள். அப்படியும் எரிபொருள் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் 2013இல் சேவை நின்றது. இரண்டே எஞ்சின் கொண்ட புது விமானம் வந்த பிறகுதான், 2018 அக்டோபரில், மறுபடி பறக்க முடிந்தது.

ஆக, எந்த வகுப்பில் டிக்கெட் எடுத்தாலும் நாம் விலை கொடுப்பது முதலில் தரைப்பரப்புக்குத்தான். பிரிட்டிஷ் அரசின் கார்பன் கணக்கீட்டில் நெடுந்தூரப் பயணத்தின் கார்பன் வெளியேற்றத்துக்கு பிசினஸ் பயணி ஒருவர் எகானமி பயணியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கும், முதல் வகுப்புப் பயணி நான்கு மடங்கும் பொறுப்பாகிறார். அவர்கள் பிடித்துக்கொள்ளும் இடத்தை வைத்துப் போட்ட கணக்கு அது.

அந்தப் பரப்பு உடம்புக்கு என்ன செய்கிறது? சில விஷயங்களில் ஒன்றுமே செய்வதில்லை. காற்றழுத்தம் அப்படி ஒன்று. வெளியே 35,000 அடி உயரம் என்றாலும் உள்ளே 8,000 அடி மலையில் இருப்பதற்குச் சமமான அழுத்தத்தை வைக்கலாம் என்பது பழைய வழக்கம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 502 பேரை அழுத்த அறையில் உட்காரவைத்து 20 மணி நேரப் பயணத்தைப் போலவே நடத்திப் பார்த்தார்கள். 7,000, 8,000 அடி அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு மூன்று மணி நேரம் தாண்டியதும் சோர்வும் அசௌகரியமும் கூடின. கார்பன் இழைக் கலவையால் செய்த போயிங் 787, ஏ350 போன்ற விமானங்களின் உடல் இன்னும் அதிக அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் உள்ளே 6,000 அடி அளவில் வைக்க முடிகிறது. இந்த நன்மை கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் ஒன்றே. பழைய விமானத்தின் பிசினஸில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காத காற்று, புது விமானத்தின் எகானமிக்காரருக்குக் கிடைக்கிறது.

வறட்சி விஷயத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. வெளிக்காற்று மைனஸ் 50 டிகிரி குளிரில் ஈரமே இல்லாமல் கிடக்கிறது. அதைச் சூடாக்கி உள்ளே விட்டால் ஈரப்பதம் 10, 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தில் பெரும்பகுதி பயணிகளின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. ஆள் நெருக்கம் உள்ள இடத்தில் ஈரம் கூடுதல். தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் குறைவு. பல மடங்கு காசு கொடுத்தவருக்குத்தான் உதடு முதலில் வெடிக்கும்!

காசு உண்மையிலேயே வாங்கித் தருவது சாய்வு. 1987இல் நிக்கல்சன், ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் சிலரைப் படுக்கையிலும், வெவ்வேறு அளவு சாயும் நாற்காலிகளிலும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். முதுகுப்பகுதி செங்குத்திலிருந்து 40 டிகிரி அளவுக்குச் சாய்ந்தால்தான் தூக்கம் படுக்கைத் தூக்கத்தை நெருங்கியது. கனவுத் தூக்கத்தில் கழுத்துத் தசைகள் தளர்ந்துவிடும். நிமிர்ந்த நாற்காலியில் அப்போது தலை சரியும், மூளை திடுக்கிட்டு விழிக்கும், மறுபடி முதலிலிருந்து. எகானமி இருக்கை அந்த 40 டிகிரிக்குப் பக்கத்தில்கூடப் போகாது. பிரீமியம் எகானமி கொஞ்சம் கூடுதலாகச் சாயும், முழங்காலுக்கு ஆறேழு அங்குலம் கூடுதல் இடம் தரும். பகல் பயணத்துக்கு அது தாராளம். தூக்கத்துக்காக அதை வாங்குவது என் கணக்கில் நஷ்டம். முழுக்கப் படுக்கையாக விரியும் இருக்கையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1995இல் முதல் வகுப்புக்கும் 2000இல் பிசினஸுக்கும் கொண்டுவந்தது. அதற்கு முன் பிசினஸ் என்பது அகலமான நாற்காலிதான்.

கால் விஷயம் கொஞ்சம் தீவிரமானது. 1940இல் லண்டன் மீது குண்டுமழை பொழிந்தபோது மக்கள் இரவெல்லாம் பதுங்கிடங்களில், மடக்கும் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அவர்களில் சிலர் நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்து இறந்ததைப் பிணக்கூறு மருத்துவர் கீத் சிம்ப்சன் கவனித்தார். நாற்காலியின் முன்விளிம்பில் ஒரு மரச்சட்டம் உண்டு. அது முழங்காலின் பின்பக்கத்தை மணிக்கணக்கில் அழுத்த, கெண்டைக்காலில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மேலே பயணப்பட்டிருந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பித் தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுபோகும்.

இதே கோளாறுக்குப் பின்னாளில் ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்று பெயர் விழுந்தது எகானமிக்குச் செய்த அநியாயம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் எந்தப் பயணத்திலும், பஸ்ஸிலும் ரயிலிலும்கூட, ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு 2007இல் சொன்னது. அப்படியும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். 2012இல் வந்த அமெரிக்க நெஞ்சக மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், எகானமிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சான்றில்லை என்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் ஆபத்து கூடுகிறது. பக்கத்தில் இருவர் தூங்கும்போது அவர்களைத் தாண்டி எழுந்துபோகச் சங்கோஜப்பட்டு உட்கார்ந்தே இருந்துவிடுகிறோம்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது வகுப்பைப் பார்ப்பதற்கு முன் விமானம் எந்த மாடல் என்று பாருங்கள். போகவர இரண்டுக்கும் பிசினஸ் கட்டுப்படியாகாது என்றால், இரவில் பறக்கும் பக்கத்துக்கு மட்டும் எடுங்கள். அதுவும் முடியாதவர்கள் நடைவழி இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.