பலகை ஏன் பின்னால் ஓடுகிறது?

டெக்சஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தோட்ட வேலைக்கு ஏடிவி வாங்கியிருக்கிறேன். அதைப் பிக்கப் டிரக்கில் ஏற்ற, மரப்பலகையில் நானே சாய்தளம் செய்யலாமா? எவ்வளவு தடிமன் வேண்டும்?”

செய்யலாம். தடிமன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். தோட்டத்துக்கான ஏடிவி, அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி, சுமார் 300 கிலோ. ஓட்டுபவரையும் சேர்த்தால் 380. பெரிய பிக்கப்பின் பின்கதவு, அதாவது டெயில்கேட், தரையிலிருந்து ஏறக்குறைய 3 அடி உயரம். 6 அடிப் பலகை போட்டால் சரிவு 30 டிகிரி. எஞ்சின் மொத்த எடையில் பாதியை இழுக்க வேண்டும். 8 அடிப் பலகையானால் 22 டிகிரி. அங்கே மரக்கடையில் ‘டூ பை டென்’ என்று விற்கும் பலகையை அளந்தால் ஒன்றரை அங்குலத் தடிமன்தான் இருக்கும். படுக்கப் போட்டால் நடுவில் தொய்யும். அடியில் ‘டூ பை ஃபோர்’ கட்டைகளை விளிம்பில் நிறுத்தித் திருகிவிட்டால் விறைத்து நிற்கும். உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு.

ஆனால் பலகை உடையாமலே விபத்து நடக்கிறது. பாதி ஏறிய வண்டிக்கு அடியிலிருந்து பலகை பின்னால் தெறித்து, வண்டி ஆளோடு மல்லாந்து விழுகிறது. இணையத்தில் இதைச் சிரிப்புக் காட்சியாகப் பார்க்கிறார்கள். 300 கிலோ இரும்பு ஒருவர் மார்பில் விழுவதில் சிரிக்க எதுவும் இல்லை.

அந்தக் கணத்தை நிறுத்திப் பார்ப்போம். வண்டி சீராக, மெதுவாக ஏறும்போது பலகைமேல் விழுவது செங்குத்தான எடை மட்டுமே. கிடைமட்டத் தள்ளல் கிட்டத்தட்ட பூஜ்யம். கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நிலைமை மாறும். வண்டி முன்னால் பாய, டயர் பலகையைப் பின்னால் உதைக்க வேண்டும். ஒரே வினாடியில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் எடுத்தால், அந்த உதை சுமார் 75 கிலோ எடைக்குச் சமம்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். முன்சக்கரம் பலகையின் மேல்நுனியில் இருக்கும்வரை அதன் எடை பலகையை டெயில்கேட்டோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அது டெயில்கேட்டில் கால் வைத்ததும் அந்த எடை பலகையை விட்டு நீங்குகிறது. சக்கரங்களுக்கு இடையே 4 அடி என்றால், 8 அடிப் பலகையில் பின்சக்கரம் அப்போது நட்டநடுவில் நிற்கும். அதன் எடையில் பாதிதான் மேல்நுனிக்கு வரும். நாலு சக்கரமும் சம எடை தாங்குவதாகக் கொண்டால், மேல்நுனியின் அழுத்தம் சட்டென்று மூன்றில் ஒரு பங்காகிவிடும். உராய்வும் அதே அளவு குறையும். அதே நேரத்தில்தான் முன்டயர் டெயில்கேட்டின் விளிம்பில் முட்டுகிறது. ஓட்டுபவர் பதறி ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். பிடிமானம் சட்டென்று குறையும் நொடியும் உதை மிக அதிகமான நொடியும் ஒன்றாகிவிடுகின்றன.

பரிசலிலிருந்து கரைக்குக் கால் வைத்தவர்களுக்கு இது புரியும். முன்கால் கரையில், பின்கால் பரிசலில். தாவத் தாவப் பரிசல் விலகும். பத்துப் பேரைத் தாங்கும் பரிசலானாலும், பிடிக்க ஆளில்லையென்றால் ஒற்றை ஆளையும் தண்ணீரில் தள்ளிவிடும். அதனால்தான் பரிசல்காரர் முதலில் இறங்கி விளிம்பைக் கரையோடு சேர்த்துப் பிடிக்கிறார். ஒரு வித்தியாசம்: கரை அமிழாது, டிரக் அமிழும். எடை ஏறியதும் ஸ்பிரிங் அழுந்தி டெயில்கேட் தாழ, பலகையின் கீழ்நுனி மண்ணில் பின்னால் நகரும். கரையும் ஆடும் பரிசல்துறை இது.

பரிசல்காரர் கையின் வேலையைச் செய்வது ராட்செட் பட்டை. பலகையின் மேல்நுனியிலிருந்து, பம்பருக்குக் கீழே டிரெய்லர் மாட்டும் கொக்கிவரை அதை இழுத்துக் கட்ட வேண்டும். முன்டயர் டிரக்கை முன்னால் தள்ளுகிறது. பின்டயர் பலகையைப் பின்னால் தள்ளுகிறது. பட்டை இரண்டையும் ஒரே பொருளாக்கிவிடுவதால் இரு தள்ளல்களும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடுகின்றன.



கடைச் சாய்தளங்களின் விளம்பரங்களைப் படித்தால் ‘இத்தனை பவுண்டு தாங்கும்’ என்பதே பெரிய எழுத்தில் இருக்கும். அது உடையாமைக்கான எண். நழுவாமைக்கு அது எந்த உறுதியும் தராது. விலை உயர்ந்த அலுமினியமும் கட்டாமல் விட்டால் ஓடும். ஆகவே வாசகரே, டிரக்கைப் பள்ளத்தில் பின்புறமாக இறக்கி நிறுத்துங்கள், சரிவு குறையும். கைப்பிரேக் போடுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் தனிப் பட்டை. ஏறும்போது உடலை முன்னால் சாய்த்து, மிகக் குறைந்த கியரில் ஒரே சீராகப் போங்கள். அதற்கு முன், பலகையின் கீழ்நுனியை இரு கைகளாலும் பின்னால் இழுத்துப் பாருங்கள். மேல்நுனி நகர்ந்தால், எஞ்சினை இயக்காதீர்கள். பட்டையை இன்னும் இறுக்குங்கள்.