ஒரே நகரம், ஒரே வரைபடம்

பூகோள வகுப்பில் வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து ஆறுகளை வரைந்திருப்பீர்கள். இன்னொரு தாளில் ரயில் பாதைகள், மூன்றாவது தாளில் ஊர்கள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், எந்த ரயில் பாதை எந்த ஆற்றைக் கடக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மூன்று தாள்களும் ஒரே மூலப் படத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றை அட்லஸிலிருந்தும் மற்றொன்றைச் சுவர்ப் படத்திலிருந்தும் எடுத்திருந்தால், ரயில் ஆற்றுக்குள்ளேயே ஓடும்!

இந்த டிரேசிங் தாள் வேலையைக் கணிப்பொறி செய்தால் அதற்குப் புவித் தகவல் அமைப்பு என்று பெயர். 1960-களில் கனடா நாட்டில் ரோஜர் டாம்லின்சன் என்னும் புவியியல் அறிஞர் இதற்கு அடிகோலினார். பரந்து கிடந்த அந்நாட்டில் எந்த நிலம் பயிருக்கு ஏற்றது, எது காட்டுக்கு ஏற்றது என்று கணக்கெடுக்க வேண்டியிருந்தது. கையால் வரைந்து முடிக்க ஆட்களும் போதவில்லை, காலமும் போதவில்லை. எனவே அவர் கணிப்பொறியை நாடினார். பின்னர் இம்முறை உலகெங்கும் பரவி, அரசாங்க இலாகாக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒன்றை அமைத்துக்கொள்ளத் தொடங்கின. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 1990-களில் அங்கே தெருக்களைக் கவனிக்கும் இலாகா, குடிநீர் இலாகா, தீயணைப்புப் படை, சுகாதார இலாகா என்று பலவும் தத்தம் வரைபடங்களை வைத்திருந்தன. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தவில்லை. ஒரு படத்தில் நடுத்தெருவில் இருக்கும் குழாய், மற்றொரு படத்தில் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய்விடும். அளவை வேறு, வரைந்த காலம் வேறு. பெயர்கூட வேறு. அந்நகரின் ஆறாவது அவென்யூவுக்கு 1945-இல் 'அமெரிக்க நாடுகளின் அவென்யூ' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். மக்களோ இன்றும் ஆறாவது அவென்யூ என்றே சொல்கிறார்கள். இரண்டும் ஒரே தெரு என்பது மனிதனுக்குத் தெரியும். கணிப்பொறிக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? நகர்த் திட்ட இலாகா இதற்கென்றே ஒரு கணிப்பொறி ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தது. எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஒரே இடத்தைக் காட்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண்ணும் தரப்பட்டது. பெயர் மாறினாலும் எண் மாறாது.

ஆயினும் அடித்தளமான நல்ல படம் ஒன்று வேண்டுமே. அதற்கு முன்வந்தது குடிநீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் இலாகா. அந்த இலாகாவின் பொறுப்பில் ஏறத்தாழ 7,000 மைல் நீளமுள்ள குடிநீர்க் குழாய்கள் உள்ளன. அவற்றைச் சரியாகக் குறிக்காமல் பழுது பார்க்க இயலாது. 1996-இல் வானூர்தியிலிருந்து நகரம் முழுவதையும் படம் பிடித்து, தெருவின் ஓரம், கட்டடத்தின் விளிம்பு என ஒவ்வொன்றையும் அப்படங்களிலிருந்து நுணுக்கமாக வரைந்தெடுத்தார்கள். குழாய்க்காகச் செய்த படத்தைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ள அந்த இலாகாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது; செலவு அதனுடையதல்லவா? ஆனால் அது நகரம் முழுவதற்கும் பொதுவான அடிப்படை வரைபடம் ஆயிற்று. இதுதான் இக்கதையில் மிகப் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இயந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். 'என்னுடையது' என்பதை 'நம்முடையது' என்று ஓர் அலுவலகத்தைச் சொல்லச் செய்வது அவ்வளவு எளிதன்று.

படம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பணியில் ஹன்டர் கல்லூரியின் ஆய்வுக்கூடம் ஈடுபட்டது. 1870-இல் ஆசிரியைகளைப் பயிற்றுவிப்பதற்காகத் தொடங்கப்பட்ட பெண்கள் கல்லூரி அது. சோதிப்பதற்காக வரைபடத்தின் முழுப் பிரதி ஒன்று அங்கே இருந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களும் தாக்கப்பட்டுச் சரிந்தன. 2,753 பேர் மாண்டார்கள். நகரத்தின் அவசரகால நிலையம் அந்த வளாகத்திலேயே, 7-ஆம் எண் கட்டடத்தின் 23-ஆம் மாடியில் இருந்தது. அன்று மாலை அந்தக் கட்டடமும் சரிந்தது. பேரிடர் வந்தால் வழிகாட்டுவதற்கென்று அமைத்த இடமே இல்லாமற்போயிற்று. பல அலுவலகங்களின் கணிப்பொறிகளை நெருங்க முடியாத அந்நாட்களில், கல்லூரியில் இருந்த பிரதி கைகொடுத்தது.

சில நாட்களுக்குள் ஹட்சன் ஆற்றங்கரையில் 92-ஆம் எண் கப்பல் மேடையில் தற்காலிக நிலையம் அமைந்தது. அங்கே வரைபடங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு இரவு பகலாக இயங்கியது. பல இலாகாக்களின் ஊழியர்களும், கல்லூரிக்காரர்களும், தனியார் நிறுவனத்தாரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். எந்தத் தெரு திறந்திருக்கிறது, எங்கே மின்சாரம் இல்லை, எங்கே தண்ணீர் இல்லை, எந்தக் கட்டடம் ஆபத்தானது என்று ஆயிரக்கணக்கான படங்கள் அச்சாகின. வானிலிருந்து எடுத்த வெப்பப் படங்களை அடிப்படைப் படத்தின் மேல் வைத்தபோது, இடிபாடுகளுக்குள் நெருப்பு எங்கே கனன்றுகொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. நிலத்தடியில் எரிபொருள் தொட்டிகள் எங்கே இருந்தன என்பதை இன்னோர் அடுக்காக வைத்துப் பார்த்தார்கள். எந்த மூலையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைத் தீயணைப்பு வீரருக்கு அது காட்டியது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இதே விபத்து நேர்ந்திருந்தால், அந்த அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் நன்றாக நடந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. நிலத்துக்கு மேலே இருப்பவை நகராட்சியின் படத்தில் இருந்தன. நிலத்துக்குக் கீழே பல சொந்தக்காரர்கள் இருந்தார்கள். குடிநீர்க் குழாய் நகராட்சியுடையது. மின் கம்பியும் நீராவிக் குழாயும் கான் எடிசன் கம்பெனியுடையவை. சுரங்க ரயிலை நடத்துவது மாநில அரசு ஏற்படுத்திய வேறொரு நிறுவனம். அவரவர் படம் அவரவரிடம். அவசர நேரத்தில் அவற்றைக் கேட்டு வாங்கி, ஒன்றுக்கொன்று பொருத்துவது பெரும்பாடாயிற்று.

பொதுப் படம் என்றால் அதைப் பராமரிப்பவர் யார் என்ற கேள்வியும் எழும். எல்லாருக்கும் பொதுவான கிணற்றை யாரும் தூர் வாராத கதையாக அது முடிந்துவிடக் கூடாதல்லவா? இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். குழாய் அடுக்கைத் திருத்தும் உரிமை குழாய் இலாகாவுக்கு மட்டுமே. பார்க்கும் உரிமை மற்றவர்களுக்கும். புதிய தெரு போட்டால் தெரு இலாகா ஒரு முறை வரையும். மற்ற இலாகாக்கள் அதையே எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவைப் பத்து அலுவலகங்கள் பத்து விதமாக வரைவதற்கு ஆகும் செலவு மிச்சம்.

நம் நாட்டிலும் 2021 அக்டோபர் 13 அன்று தொடங்கப்பட்ட 'கதி சக்தி' திட்டம் இவ்வழியையே பின்பற்றுகிறது. காந்திநகரில் உள்ள பாஸ்கராச்சார்யா நிறுவனம் அதற்கான அமைப்பை உருவாக்கியது. முதலில் 16 மத்திய அமைச்சகங்கள் சேர்ந்தன. பின்னர் அது 44 ஆயிற்று. அடுக்குகள் 1,600-க்கும் மேல். நெடுஞ்சாலைக்கு ஒரு கோடு போடும் பொறியாளர், அது காட்டின் எல்லைக்குள் போகிறதா, எரிவாயுக் குழாயின் மேல் விழுகிறதா என்பதைத் தம் மேசையிலிருந்தே பார்க்கலாம். முன்பெல்லாம் இதற்கு ஒவ்வோர் இலாகாவுக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். ஆயினும், ஓர் இலாகா தன் அடுக்கைத் திருத்தாமல் விட்டுவிட்டால், இல்லாத மரங்களையும் இடிந்த பாலங்களையும் அப்படம் காட்டிக்கொண்டிருக்கும்.

எதை யாருக்குக் காட்டுவது என்பதும் சிக்கலே. குடிநீர்க் குழாய்களின் படம் கெட்ட எண்ணம் கொண்டவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? 2012-இல் நியூயார்க் நகரம் தன் தகவல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சட்டம் இயற்றியது. இன்று அந்நகரின் கட்டடங்களின் எல்லைக் கோடுகளை எந்த நாட்டு மாணவியும் கட்டணமின்றிப் பெறலாம். நிலத்தடிக் குழாய்களின் விவரமோ அப்படிப் பொதுவில் கிடைப்பதில்லை.